சிக்கலானதை ஆராய எளிய அமைப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு கருவிப் பெட்டிக்குள் உண்டாகும் சூடு எப்படி வெளியேறுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டிய வேலை ஒருமுறை என்னிடம் வந்தது. உள்ளே மின்சுற்றுப் பலகை, கம்பிகள், திருகுகள், அங்கங்கே காற்று இடைவெளி. வெளியே கறுப்பு வண்ணம் பூசிய அலுமினிய உறை. பெட்டியை அப்படியே மேசைமேல் வைத்து, பதினாறு இடங்களில் வெப்பநிலை உணரிகளை ஒட்டி, மூன்று வாரம் அளந்தேன். எண்கள் குவிந்தன. எதனால் எது மாறுகிறது என்று மட்டும் சொல்ல முடியவில்லை. கடைசியில் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்துக்கு 5 சென்டிமீட்டர் உள்ள ஒரு அலுமினியக் கட்டியைச் சூடாக்கி, அது ஆறுவதை ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்து அளந்தேன். மூன்று வாரத்தில் பிடிபடாத விஷயம் அந்தக் கட்டியில்தான் பிடிபட ஆரம்பித்தது. அதே கட்டி என்னைத் தப்பான பக்கம் திருப்பியும் விட்டது. அந்தக் கதை பிறகு வரும்.

எளிய அமைப்பு என்று இங்கே சொல்வது மூன்று விதமானவற்றை. ஒன்று, உயிரியலில் பயன்படும் மாதிரி உயிரிகள்: ஈஸ்ட், பழ ஈ, நூற்புழு போன்றவை. இரண்டாவது, கையால் தொடக்கூடிய சோதனைப் பொருள்: சிறிய கப்பல் மாதிரி, காற்றுச் சுரங்கத்தில் வைக்கும் இறக்கை, என் அலுமினியக் கட்டி. மூன்றாவது, தாளில் எழுதும் கணக்கு: ஹைட்ரஜன் அணு, ஊசல், நாலைந்து சமன்பாடுகளில் அடங்கும் வளிமண்டலம். துறை எதுவானாலும் வேலை செய்யும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

சிறியதாக, மலிவாக, பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே இருப்பதாக இருந்தால் அது எளிய அமைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. கேட்ட கேள்விக்கு வேண்டியதெல்லாம் உள்ளே இருக்க வேண்டும், மற்றதெல்லாம் வெளியே போயிருக்க வேண்டும், வெளியே போனதற்குக் கணக்கு கையில் இருக்க வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் அநேகமாக எல்லோரும் விட்டுவிடுகிறோம். அதனால் கீழே மூன்றாவது படி மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"இந்தப் பெட்டி எப்படிச் சூடாகிறது?" என்பது கேள்வி இல்லை, தலைப்பு. "மின்சாரத்தை நிறுத்திய பிறகு, உறையின் கூடுதல் சூடு பாதியாகக் குறைய எத்தனை நிமிடம் ஆகும்? அந்த நேரத்தை எது தீர்மானிக்கிறது?" என்று எழுதினால்தான் கேள்வி. விடை ஒரு எண்ணாகவோ, ஆம் இல்லை என்றோ, இரண்டு அளவுகளை இணைக்கும் ஒரு கோடாகவோ வரும் என்று உங்களால் முன்கூட்டியே சொல்ல முடிய வேண்டும்.

பட்டாணிச் செடியில் மரபுப் பண்புகளை ஆராய்ந்த மெண்டலுக்கு முன்பும் செடிகளைக் கலப்பினம் செய்து பார்த்தவர்கள் பலர் இருந்தார்கள். பிள்ளைச் செடி முழுவதும் எந்தப் பெற்றோரை ஒத்திருக்கிறது என்று அவர்கள் பார்த்தார்கள். மெண்டல் கேள்வியை ஒடுக்கினார்: விதை உருண்டையா, சுருங்கியதா? உருண்டை எத்தனை, சுருங்கியது எத்தனை? இப்படி ஏழே ஏழு பண்புகள். 1856 முதல் 1863 வரை செய்த சோதனைகள் அத்தனையும் இந்த அளவு குறுகிய கேள்விகள்தான்.

ஒரு வரிக்குள் அடங்கவில்லையென்றால், உங்களிடம் இரண்டு கேள்விகள் இருக்கலாம். பிரித்து, ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதற்கு வேறொரு அமைப்பு தேவைப்படலாம்.

படி 2: கேள்விக்கு ஏற்ற அமைப்பைத் தேடுங்கள்

டென்மார்க்கின் உடலியங்கியல் அறிஞர் ஆகஸ்ட் க்ரோக் 1929-இல் ஒரு கருத்தைச் சொன்னார்: பல சிக்கல்களுக்கு, அவற்றை மிக வசதியாக ஆராயக்கூடிய ஏதாவது ஒரு விலங்கு இருக்கும். உயிரியலில் இதை க்ரோக் கொள்கை என்பார்கள். பொறியியலுக்கும் இது அப்படியே பொருந்தும். "வசதி" என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்று பிரித்துப் பார்த்தால் தேடுவது சுலபமாகும்.

முதலாவது, தேட வேண்டிய விஷயம் பெரிதாகத் தெரியும் இடம். நரம்பில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று அறிய ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனிடம் போனார்கள். கணவாயின் ராட்சத நரம்பிழை அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை தடிமன் உள்ளது. மனித நரம்பிழையை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். கணவாயின் இழைக்குள் மின்முனையை நீளவாட்டில் நுழைக்க முடிந்தது. 1952-இல் அவர்கள் வெளியிட்ட சமன்பாடுகள் இன்றும் நரம்பியலின் அடிப்படை. 1963-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

இரண்டாவது, தேடும் பொருள் ஏராளமாகக் கிடைக்கும் இடம். குரோமோசோமின் நுனியை ஆராய வேண்டுமானால் மனித செல்லில் நுனிகள் குறைவு: 46 குரோமோசோம், 92 நுனி. குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமெனா என்ற ஒற்றைச் செல் உயிரியின் பெரிய உட்கருவில் குரோமோசோம்கள் துண்டு துண்டாக இருக்கும்; ஆயிரக்கணக்கான நுனிகள். எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரைடரும் அந்த நுனிகளைப் பராமரிக்கும் டெலோமரேஸ் நொதியை 1984-இல் அங்கேதான் கண்டார்கள். குளத்து உயிரியில் யாருக்கு அக்கறை என்று அன்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லக் கஷ்டம்தான்.

மூன்றாவது, முழுவதையும் எண்ணி முடிக்கக்கூடிய இடம். சிட்னி பிரென்னர் 1960-களில் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு நூற்புழுவைத் தேர்ந்தெடுத்தார். உடல் கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும். மூன்று நான்கு நாட்களில் முட்டையிலிருந்து முதிர்ச்சி. முதிர்ந்த இருபால் புழுவில் உடற்செல்கள் 959, அவற்றில் நரம்புச் செல்கள் 302. எந்தச் செல் எதிலிருந்து பிரிந்தது என்று முழு வம்சாவளியையும் வரைய முடிந்தது. வளர்ச்சியின்போது சரியாக 131 செல்கள் திட்டமிட்டபடி மடிகின்றன என்பது அந்த எண்ணிக்கையில்தான் தெரிந்தது. லட்சம் கோடிக் கணக்கில் செல்கள் உள்ள ஓர் உடம்பில் 131 குறைவதை யாரும் கவனித்திருக்க முடியாது.

இந்த மூன்றில் எது உங்களுக்கு வேண்டும் என்று தெரிந்தபின், சாதாரண விஷயங்களையும் பாருங்கள்: ஒரு சோதனைக்கு எவ்வளவு நேரம் ஆகும், எத்தனை முறை திரும்பச் செய்யலாம், உடைந்தால் இன்னொன்று கிடைக்குமா. ஒரு நாளில் பத்து முறை செய்யக்கூடிய சோதனைக்கும் மாதம் ஒருமுறை செய்யக்கூடிய சோதனைக்கும் நடுவில், முடிந்தால் முதலாவதை எடுங்கள். தப்பு செய்ய நிறைய வாய்ப்பு கிடைக்கும்.

தேர்வு பிசகினால் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை. மெண்டலே இதற்குச் சாட்சி. பட்டாணிக்குப் பிறகு அவர் ஹாக்வீட் என்ற காட்டுச்செடியில் இறங்கினார். அந்தச் செடி பெரும்பாலும் கருவுறாமலேயே விதை வைக்கும். பிள்ளைச் செடி தாய்ச்செடியின் அச்சு அசல். பட்டாணியில் வந்ததுபோல் விகிதம் எதுவும் வரவில்லை. அன்றைக்கு அந்தக் காரணம் யாருக்கும் தெரியாது. ஆகவே ஒரே அமைப்பில் கிடைத்ததை நம்பி மொத்த வாழ்க்கையையும் அடகு வைக்காதீர்கள். இன்னொன்றையும் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: எதை விட்டீர்கள் என்று கணக்கு எழுதுங்கள்

நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நெடுக்காக நான்கு பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் விட்ட விஷயம். இரண்டாவதில் விட்டதற்கான காரணம். மூன்றாவதில் அதனால் எவ்வளவு பிழை வரலாம் என்ற மதிப்பீடு. எண்ணாக எழுத வேண்டும், "கொஞ்சம்" என்று எழுதக் கூடாது. நான்காவதில், அந்த மதிப்பீடு சரியா என்று எப்படிச் சோதிப்பது. எனக்குத் தெரிந்து ஆராய்ச்சி மாணவர்கள் முதல் இரண்டு பத்திகளைச் சந்தோஷமாக நிரப்புவார்கள். மூன்றாவது பத்தி வெறுமையாகவே கிடக்கும்.

அதை நிரப்புவது எப்படி என்று அலுமினியக் கட்டியை வைத்தே காட்டுகிறேன்.

கட்டி முழுவதும் எந்த நேரத்திலும் ஒரே வெப்பநிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஒரே சமன்பாட்டில் முடிந்துவிடும். உண்மையில் நடுப்பகுதி எப்போதும் கொஞ்சம் கூடுதல் சூடாகத்தான் இருக்கும். அந்த வித்தியாசத்தை விடலாமா? இதற்கு பயோட் எண் என்று ஒன்று உண்டு: சூடு மேற்பரப்பிலிருந்து காற்றுக்குப் போகும் வேகத்தையும், பொருளுக்குள் ஓடும் வேகத்தையும் ஒப்பிடும் எண். 0.1-க்குக் கீழே இருந்தால் ஒரே வெப்பநிலை என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது பொறியாளர்களின் வழக்கம். அசையாத காற்றில், மேற்பரப்பின் ஒரு சதுர மீட்டர் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 5 வாட் இழக்கும். கட்டியின் கன அளவை மேற்பரப்பால் வகுத்தால் 0.83 சென்டிமீட்டர். அலுமினியத்தின் வெப்பக் கடத்துத்திறன் சுமார் 200. பெருக்கி வகுத்தால் பயோட் எண் 0.0002. கண்ணை மூடிக்கொண்டு விடலாம்.

அதே அளவில் பிளாஸ்டிக் கட்டியை எடுங்கள். கடத்துத்திறன் சுமார் 0.2. எண் 0.2-ஐ எட்டிவிடுகிறது. அதே உருவம், அதே காற்று, அதே மேசை. ஆனால் இது எளிய அமைப்பு இல்லை. எளிமை பொருளைப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது, கணக்குப் போட்டால்தான் தெரியும்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். பட்டியலில் "கதிர்வீச்சு: விடப்பட்டது; காரணம்: வெப்பநிலை குறைவு" என்று எழுதியிருந்தேன். மூன்றாவது பத்தி காலி. கட்டி கடைசல் பட்டறையிலிருந்து பளபளப்பாக வந்திருந்தது. காற்றை மட்டும் கணக்கில் எடுத்தால், அறையைவிட எவ்வளவு கூடுதல் சூடோ அதில் 37 சதவீதம் மட்டும் மிஞ்சச் சுமார் 67 நிமிடம் ஆக வேண்டும். அளந்தபோது ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. பரவாயில்லை, பத்து சதவீதம்தானே என்று திருப்தியோடு அதே கணக்கைப் பெட்டிக்குப் போட்டேன். பெட்டி நான் சொன்னதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் ஆறியது.

வித்தியாசம் கறுப்பு வண்ணத்தில் இருந்தது. பளபளப்பான அலுமினியம் கதிர்வீச்சாக மிகக் குறைவாகவே வெப்பத்தை விடும். சாதாரண அறை வெப்பநிலையை ஒட்டி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, அரை வாட் அளவு. கறுப்பு வண்ணம் பூசினால் அது 6 வாட்டைத் தாண்டும். காற்று எடுத்துச் செல்லும் 5 வாட்டைவிட அதிகம்! நான் "விடலாம்" என்று எழுதியதுதான் பெரிய பங்கு. அன்று மாலையே அதே கட்டிக்குக் கறுப்பு வண்ணம் அடித்து மறுபடி அளந்தேன். அரை மணி நேரத்துக்குள் ஆறிவிட்டது. மூன்றாவது பத்தியில் அந்த 6 என்ற எண்ணை எழுத ஐந்து நிமிடம் போதும். நான் எழுதவில்லை.

இப்படி இரண்டு விளைவுகளை ஒப்பிட்டு ஒரே எண்ணாகச் சுருக்கும் பரிமாணமற்ற எண்கள் ஒவ்வொரு துறையிலும் உண்டு. குழாயில் நீர் அமைதியாக ஓடுமா, கலங்கி ஓடுமா என்பதை ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883-இல் கண்ணாடிக் குழாயில் சாயத்தை ஓடவிட்டுப் பார்த்தார். அவர் பெயரிலுள்ள எண் சுமார் 2,000-ஐத் தாண்டும் வட்டாரத்தில் கலக்கம் தொடங்கும். ஊசலுக்கு எண்கூட வேண்டாம், கோணமே போதும்: 5 டிகிரியில் ஆடும்போது எளிய சூத்திரத்தின் பிழை 0.05 சதவீதம், 20 டிகிரியில் முக்கால் சதவீதம், 60 டிகிரியில் 7 சதவீதம். எங்கே நிறுத்துவது என்பது உங்கள் கைக்கடிகாரம் எவ்வளவு துல்லியம் என்பதைப் பொறுத்தது.

சில சமயம் இரண்டு எண்களையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய முடியாது. கப்பல் மாதிரிகளில் பொறியாளர் வில்லியம் ஃப்ரூடுக்கு வந்த சிக்கல் இது. 25-இல் ஒரு பங்கு மாதிரியைச் செய்தால், அலைகள் நிஜக் கப்பலின் அலைகளைப் போலவே எழ, வேகம் ஐந்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும்: நிஜக் கப்பல் வினாடிக்கு 10 மீட்டர் என்றால் மாதிரி 2 மீட்டர். நீரின் உராய்வும் ஒத்துப்போக வேண்டுமென்றால் மாதிரி வினாடிக்கு 250 மீட்டர் ஓட வேண்டும். நடக்கிற காரியமா? ஃப்ரூட் தடையை இரண்டாகப் பிரித்தார். அலையால் வரும் தடையை மாதிரியில் அளந்தார். உராய்வைத் தட்டையான பலகைகளை நீரில் இழுத்துத் தனியாக அளந்து, கணக்கில் சேர்த்தார். ஒரே எளிய அமைப்பு போதாதபோது இரண்டு எளிய அமைப்புகளை எடுத்துக் கூட்டுவது நல்ல உத்தி.

படி 4: விடை தெரிந்த ஒன்றில் முதலில் ஓட்டிப் பாருங்கள்

இது சுருக்கமானது, ஆனால் தாண்டிப் போகாதீர்கள். புதிய கேள்வியைக் கேட்பதற்கு முன், உங்களுக்கு ஏற்கெனவே நிச்சயமாகத் தெரிந்த ஒரு விடையை அந்த அமைப்பு தருகிறதா என்று பாருங்கள். கூடவே, எல்லோரும் நம்பும் எண்களை ஒருமுறை நீங்களே அளந்து பாருங்கள்.

ரைட் சகோதரர்களின் 1901 சறுக்கு விமானம், கணக்கு சொன்ன தூக்கு விசையில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் தந்தது. அவர்கள் ஆறடி நீள மரப்பெட்டி ஒன்றைக் காற்றுச் சுரங்கமாக்கி, ரம்பத் தகடுகளாலும் சைக்கிள் கம்பிகளாலும் தராசு செய்து, சுமார் 200 சின்னஞ்சிறு இறக்கைகளைச் சோதித்தார்கள். வீசும் காற்று ஒரு தகட்டின்மேல் தரும் அழுத்தத்தைக் கணக்கிட நூறாண்டுக்கும் மேலாகப் புழங்கிய 0.005 என்ற எண் தவறு, உண்மையில் 0.0033-ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெளிவானது. அந்தத் தராசு விசையை நேராக அளக்கவில்லை, ஒப்பிட்டது. அதனால் சுரங்கத்தில் காற்றின் வேகம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் விடை பெரிதாகக் கெடாது. கருவி செய்யும்போது இந்தச் சாமர்த்தியத்தைப் பின்பற்றலாம்.

படி 5: ஒவ்வொன்றாக மாற்றுங்கள், நிறைய எண்ணுங்கள்

சோதனையைத் தொடங்கும் முன் என்ன வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதைத் தேதியோடு எழுதிவையுங்கள். பிறகு எழுதினால் மனம் ஏமாற்றிவிடும். வந்த விடையைத்தான் எதிர்பார்த்ததாக நமக்கே தோன்றும்.

எத்தனை முறை செய்வது? மெண்டலின் எண்களைப் பாருங்கள். இரண்டாம் தலைமுறையில் மொத்தம் 7,324 விதைகள்: உருண்டை 5,474, சுருங்கியது 1,850. விகிதம் 2.96-க்கு 1. ஆனால் செடி செடியாகப் பார்த்தால் ஒன்றில் 43-க்கு 2, இன்னொன்றில் 14-க்கு 15. இரண்டாவது செடியை மட்டும் வைத்திருந்தவர் விகிதம் சரிபாதி என்று சத்தியம் செய்திருப்பார். எளிய அமைப்பின் பெரிய லாபம் இங்கேதான் கைக்கு வருகிறது: ஏழாயிரம் பட்டாணியை எண்ண முடியும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது பழைய பாடம். இரண்டு காரணிகள் சேர்ந்து விளையாடும் என்று சந்தேகம் இருந்தால், இரண்டையும் சேர்த்து மாற்றிப் பார்க்கும் சோதனைகளையும் திட்டமிடுங்கள். என் கட்டியில் வண்ணமும் காற்றோட்டமும் அப்படித்தான். மின்விசிறி ஓடும்போது வண்ணத்தின் பங்கு மிகவும் சுருங்கிவிடுகிறது.

படி 6: அமைப்பு அடம்பிடித்தால் உற்றுப் பாருங்கள்

எளிய அமைப்பில் விடை இடறினால் அதற்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. நிஜப் பெட்டியில் 5 சதவீத வித்தியாசம் வந்தால் நூறு காரணம் சொல்லலாம். கட்டியில் மூன்றுதான் சொல்ல முடியும்.

ஹைட்ரஜன் இதற்கு உச்சமான உதாரணம். ஒரு புரோட்டான், ஒரு எலெக்ட்ரான். இதைவிட எளிய அணு கிடையாது. அதன் இரண்டு ஆற்றல் நிலைகள் சரிசமமாக இருக்க வேண்டும் என்று இயற்பியலாளர் டிராக்கின் கோட்பாடு சொன்னது. 1947-இல் வில்லிஸ் லாம்பும் ராபர்ட் ரெதர்ஃபோர்டும் நுண்ணலையால் அளந்தபோது சுமார் 1,000 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு ஒரு சின்ன இடைவெளி தெரிந்தது. வெற்றிடமே சும்மா இருப்பதில்லை என்பதைக் கணக்கில் சேர்க்கும் குவாண்டம் மின்னியக்கவியல் வளர அந்த இடைவெளி ஒரு பெரிய உந்துதல். நூறு எலெக்ட்ரான் உள்ள அணுவில் இந்த இடைவெளியை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் 1961-இல் 12 சமன்பாடுகள் கொண்ட ஒரு வானிலைக் கணக்கைக் கணினியில் மறுபடி ஓட்டினார். நடுவிலிருந்து தொடங்க, அச்சிட்ட தாளில் இருந்த 0.506 என்ற எண்ணை உள்ளிட்டார். கணினிக்குள் இருந்தது 0.506127. கொஞ்ச நேரத்தில் இரண்டு ஓட்டங்களும் தொடர்பே இல்லாமல் பிரிந்து போயின. கணினி பழுது என்று அவர் அதோடு விடவில்லை. 1963-இல் மூன்றே சமன்பாடுகளுக்குச் சுருக்கி, அதிலும் அதே கூத்து நடப்பதைக் காட்டினார். பொருந்தாத விடை வந்ததும் அமைப்பை இன்னும் எளிமையாக்குவது பலருக்குத் தோன்றாத வழி. சிக்கலைக் கூட்டித்தான் பொருத்தப் பார்ப்போம்.

முதலில் கருவிப் பிழையா என்று பாருங்கள், பிறகு விட்டவற்றின் பட்டியலை மேலிருந்து கீழாக வாசியுங்கள். இரண்டிலும் விடை இல்லையென்றால், உங்களிடம் கட்டுரை எழுத விஷயம் இருக்கிறது.

படி 7: எளிமை அளவு மீறிவிட்டதா என்று சோதியுங்கள்

வெட்டி வெட்டிக் கேள்வியையே வெட்டிவிடும் ஆபத்து உண்டு. காந்தம் சூடானால் ஏன் காந்தத்தன்மையை இழக்கிறது என்று அறிய, எர்ன்ஸ்ட் ஈசிங் 1925-இல் மேலும் கீழுமாகத் திரும்பக்கூடிய சிறு காந்தங்களை ஒரே வரிசையில் நிறுத்திக் கணக்குப் போட்டார். அந்த வரிசையில் நிலைமாற்றமே, அதாவது காந்தத்தன்மை இருக்கும் நிலைக்கும் இல்லாத நிலைக்கும் நடுவிலான தாவலே, வரவில்லை. முப்பரிமாணத்திலும் வராது என்று முடிவு கட்டினார். அது தவறு. 1936-இல் ருடால்ஃப் பைல்ஸ் இரு பரிமாணத்தில் வரும் என்று வாதிட்டார். 1944-இல் லார்ஸ் ஆன்சாகர் இரு பரிமாணத்துக்கு முழுத் தீர்வே தந்தார். வரிசையில் ஒரே ஒரு காந்தம் திரும்பினால் ஒழுங்கு அறுந்துவிடும். பலகை போலப் பரப்பினால் அண்டை வீட்டார் சுற்றி நின்று பிடித்துக்கொள்வார்கள். தேடிய விஷயம் வாழ்வதற்கு இரண்டு பரிமாணமாவது தேவைப்பட்டது.

ஆகவே, விட்டவற்றில் ஒன்றை மட்டும் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். விடை சற்றே நகர்ந்தால் சரி. விடையின் குணமே மாறினால், விட்டது தவறு.

பூமியின் வெப்பநிலையில் இதை நீங்களே கைக்கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். சூரியனிலிருந்து சதுர மீட்டருக்கு 1,361 வாட் வருகிறது. அதில் 30 சதவீதம் திருப்பி அனுப்பப்படுகிறது. மீதியை உருண்டை முழுவதற்கும் பகிர்ந்தால் 238 வாட். வளிமண்டலமே இல்லை என்று கொண்டால் மேற்பரப்பு 255 கெல்வினில், அதாவது உறைநிலைக்குச் சுமார் 18 டிகிரி கீழே இருக்க வேண்டும். நிஜச் சராசரி சுமார் 288 கெல்வின். வெப்பத்தை முழுவதும் உறிஞ்சும் ஒரே ஒரு காற்றடுக்கைச் சேர்த்தால் 303 கெல்வின் வருகிறது. உண்மை இரண்டுக்கும் நடுவில். ஒரு வரியைச் சேர்த்ததில் தவறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது, அடுத்து எதைச் சேர்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது: வெப்பத்தில் ஒரு பகுதியை விட்டுவிடும் அடுக்கு.

படி 8: நிஜத்துக்குத் திரும்புங்கள்

எளிய அமைப்பில் கிடைத்தது நிஜத்துக்கும் பொருந்துமா? இதைச் சும்மா நம்பக் கூடாது. தனிச் சோதனை வேண்டும். ஃப்ரூட் தன் மாதிரிக் கணக்கைச் சரிபார்க்க, 1871-இல் கிரேஹவுண்ட் என்ற நிஜப் போர்க்கப்பலையே இன்னொரு கப்பலைக் கொண்டு இழுத்து அளந்தார். பால் நர்ஸ், ஈஸ்டில் செல் பிரிவை இயக்கும் ஒரு மரபணுவைக் கண்டபின், அது பழுதான ஈஸ்டுக்குள் மனித மரபணுக்களைச் செலுத்திப் பார்க்கும் சோதனையை அவரது ஆய்வகம் செய்தது. 1987-இல் ஒரு மனித மரபணு அந்த ஈஸ்டைப் பிழைக்க வைத்தது. ஈஸ்டுக்கும் மனிதனுக்கும் பொது மூதாதை நூறு கோடி ஆண்டுக்கு அப்பால். இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரிந்து குறைவு.

மறுபக்கமும் உண்டு. 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன் 1412 என்ற மருந்தை முதல்முறையாக ஆறு பேருக்குக் கொடுத்தார்கள். குரங்குகளில் பாதுகாப்பாக இருந்த அளவில் 500-இல் ஒரு பங்குதான். ஆறு பேரும் சில மணி நேரத்தில் உறுப்புகள் செயலிழக்கும் நிலைக்குப் போனார்கள்; உயிர் தப்பியது சிகிச்சையால். மருந்து பற்றிக்கொள்ளும் புரதம், அந்தக் குரங்குகளின் ஒரு வகை நோய் எதிர்ப்புச் செல்களில் இல்லை என்று பிறகு தெரிந்தது. குரங்கு நமக்கு ஈஸ்டைவிட எவ்வளவோ நெருங்கிய உறவு. ஆனால் அந்தக் குறிப்பிட்ட கேள்விக்கு வேண்டிய பகுதி குரங்கில் இல்லை.

எளிய விளக்கம் பொருந்துவது போல் தோன்றுவதும் ஆபத்துதான். 1940 நவம்பர் 7-ஆம் தேதி, மணிக்கு 64 கிலோமீட்டர் அளவே இருந்த காற்றில் அமெரிக்காவின் டகோமா நேரோஸ் பாலம் முறுக்கிக்கொண்டு விழுந்தது. ஊஞ்சலைத் தாளம் பார்த்துத் தள்ளுவது போன்ற ஒத்ததிர்வுதான் காரணம் என்று பல பாடப்புத்தகங்கள் நீண்ட காலம் எழுதின. உண்மையில் காற்று தாளம் எதுவும் போடவில்லை. பாலம் முறுக அந்த முறுக்கமே காற்றிலிருந்து இன்னும் விசையை இழுத்துக்கொண்டது. ஊஞ்சல் அழகான எளிய அமைப்பு, ஆனால் இந்தக் கேள்விக்கு உரியது இல்லை.

திரும்பும்போது மூன்றைப் பாருங்கள்: நீங்கள் சோதித்த வரம்புக்குள் நிஜம் இருக்கிறதா, எளிய அமைப்பில் இல்லாத பகுதி ஏதாவது நிஜத்தில் முக்கிய வேலை செய்கிறதா, கணிப்பு தவறினால் யாருக்கு அடி விழும். மூன்றாவதுக்கு விடை "மனிதர்களுக்கு" என்றால் மற்ற இரண்டிலும் சலுகை காட்டாதீர்கள்.

படி 9: எழுதும்போது பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள்

கட்டுரையிலோ அறிக்கையிலோ நான்கு பத்திப் பட்டியலை அப்படியே போடுங்கள். எந்த வரம்புக்குள் முடிவு செல்லும் என்று எண்ணாக எழுதுங்கள். தலைப்பில் நூற்புழு என்றோ ஈஸ்ட் என்றோ இருக்கட்டும். "உயிரினங்களில்" என்று பொத்தாம்பொதுவாகப் போடாதீர்கள்.

பெட்டி வேலையின் அறிக்கையில், கதிர்வீச்சைச் சேர்த்த கணக்குக்குக் கீழே ஒரு வரி எழுதினேன்: "அசையாத காற்றில் மட்டும் செல்லும், மின்விசிறி பொருத்தினால் மறுபடி அளக்க வேண்டும்." எட்டு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பெட்டியின் புதிய வடிவத்தில் மின்விசிறி வைக்கப் போகிறார்களாம். இழுப்பறையைத் திறந்து கட்டியை எடுத்தேன். ஒரு மூலையில் கறுப்பு வண்ணம் உரிந்திருந்தது. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.